அம்மன் இளைத்ததும் காலணா பருத்ததும்

சின்ன காஞ்சிபுரம்,
30-7-68, செவ்வாய்

சிரஞ்சீவி தம்பி குமாரவேலுக்கு, அக்கா ரேணுகாம்பாள் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு வரதர் கிருபையால் யாவரும் சுகம், அம்மன் முகம் ஒன்றைத் தவிர.

வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் வைக்கிற என் மாமியார் காலத்துப் பித்தளை முகம் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. போன வருஷமே நாத்தனார் கிருஷ்ணவேணி, "அண்ணி, அடுத்த வருஷமும் அம்மன் இப்படி அழுக்கா இருந்தா எங்க வூட்டுக்கு எடுத்துக்கினு பூடுவேன்" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள். முகம் போனால் இந்த வீட்டில் நோன்பே இல்லை. பத்தொன்பது வருஷமாக நான் விடாமல் நோற்பது. அதனால்தான் முலாம் பட்டறையில் வேலை பார்க்கிற உன்னிடம், முகத்துக்குச் செம்பு முலாம் பூச வழி கேட்டேன்.

நீ எழுதியபடியே ஞாயிற்றுக்கிழமை ஊறுகாய் ஜாடியில் மயில்துத்தம் கரைத்து, டார்ச் பேட்டரி நான்கை வரிசையாகக் கட்டினேன். கறுப்புக் கம்பியை முகத்திலும் சிவப்பை ஒரு செம்புத் துண்டிலும் கட்டச் சொல்லியிருந்தாய். தம்பி, நீயே சொல், அம்மன் கழுத்தில் கறுப்பைக் கட்ட எந்தச் சுமங்கலிக்குக் கை வரும்? நீதான் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாய் என்று, குங்குமம் போலிருந்த சிவப்பை அம்மனுக்கும், கறுப்பை ராஜா தலை போட்ட பழைய செம்புக் காலணாவுக்கும் கட்டிவிட்டு, ஜாடி முன் உட்கார்ந்து நூற்றெட்டுப் போற்றி ஏழு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவை எட்டிப் பார்க்கும்போதும் காலணா சிவந்து பருக்கிறது, அம்மன் மங்குகிறாள். என் பக்திதான் போதவில்லை என்று எட்டாவது தடவையும் சொன்னேன்.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மூக்கு நுனி இல்லை, காது ஓரம் அரித்திருக்கிறது, கன்னம் ஒட்டிவிட்டது. உன் மாமாவின் சரிகைத் தராசில் நிறுத்தேன். காலையில் பதினொரு தோலா, இப்போது பத்தே முக்கால். குறைந்த கால் தோலா ஏறக்குறைய அப்படியே காலணாவில் ஏறியிருக்கிறது. கணக்கில் பிசகில்லை, அம்மன் அங்கே குடிபோய்விட்டாள். அதைப் போய் டப்பாவில் போடலாமா? பூ வைத்துப் பொட்டு இட்டேன். உன் மாமா தறியிலிருந்து எழுந்து வந்து, "இன்னாடி, செத்துப்போன ராஜாவுக்குப் பொட்டு வெச்சிக்கினு இருக்கிற?" என்றார். "உங்கம்மா கும்பிட்ட அம்மன் கொஞ்சம் இதுல இருக்குது" என்றேன். "அப்ப என் தங்கச்சி வந்தா காலணாவக் காட்டு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் வாசலைப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை நோன்பு. கிருஷ்ணவேணி வியாழனே ஏனாத்தூரிலிருந்து வருகிறாள். ஆகையால் இதைத் தந்தியாகப் பாவித்து முதல் பஸ்ஸில் வந்து அம்மனைப் பழையபடி ஆக்கிக் கொடுக்கவும்.

உன் சம்சாரத்தையும் குழந்தைகளையும் அம்மன் மூக்கும் முழியுமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ரேணுகாம்பாள்

பி.கு.: வரவேண்டாம். இதை ஒட்டுவதற்குள் கிருஷ்ணவேணி வந்துவிட்டாள். நேரே பூஜை அறைக்குப் போய் முகத்தைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, சப்பை மூக்கு, ஒட்டின கன்னம்... எங்கம்மாவேதான்! செத்தும் இந்த வூட்ட வுட்டுப் போவ மனசு வரல பாருங்க. இவங்கள நான் எப்படி எடுத்துக்கினு போவேன்?" என்று அழுதபடி விழுந்து கும்பிட்டாள். முகம் இனி எப்போதும் இங்கேதான். நானும் உற்றுப் பார்த்தேன். மாமியார்தான், சந்தேகமில்லை. கற்பூரம் காட்டும்போதே ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று நடுக்கம் வந்து, தட்டோடு சமையலறைக்கு ஓடினேன்.