எங்க ஊரு என்ன வாங்கணும்னு முடிவு பண்ணின மண்டை

நிக்கோபார் தீவுல இருக்குற எங்க கேம்பல் பேயில யார் வீட்டுல என்ன சாமான் இருக்கணும்ங்கிறத முடிவு பண்ணினது ஒரே ஒரு மண்டை. என் மண்டைன்னு நெனச்சுராதீங்க. நாலாங் கிளாஸோட நின்ன மண்டை இது. வீட்டுல இன்னிக்கு என்ன கொழம்புன்னு முடிவு பண்ற அதிகாரம்கூட இதுக்குக் கெடையாது. நான் சொல்றது கப்பல் வந்து நிக்கிற ஜெட்டியில சுமை தூக்கின ஊர்வலம் அண்ணனோட மண்டை.

நெஜப் பேரு யாருக்கும் தெரியாது. போர்ட் பிளேர்லேருந்து ஷிப் வந்தா ஊரே ஜெட்டியில நிக்கும். யாரு வர்றாங்கன்னு பாக்க இல்ல, யாருக்கு என்ன வருதுன்னு பாக்க. மத்த கூலிக்காரங்க பெட்டியத் தூக்கிக் குறுக்கு வழியில கொண்டு போட்டுட்டு அடுத்த நடைக்கு ஓடுவாங்க. அண்ணன் மட்டும் பஜார் முழுக்கச் சுத்தித்தான் போவாரு. பெட்டியில போட்டிருக்குற படம் முன்பக்கம் தெரியணும். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி நடை. வாயும் சும்மா இருக்காது.

"ஹட்டோ, ஹட்டோ! தள்ளு, தள்ளு! வாஷிங் மெஷின் வருது! துணி தானா தொவைக்குமாம், ஆளு சும்மா உக்காந்துருக்கலாமாம்!"

அந்த மெஷின் பட்டாளத்துல ரிட்டையர் ஆன ஒரு பஞ்சாபிக்காரருக்கு வந்தது. அடுத்த ஷிப்புல ஆறு வந்துச்சு. எங்க பக்கம் கொழாயில தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் அரை மணி நேரம். ஆறுல ஒண்ணு என்னுது. பஞ்சாபிக்காரர் வாங்கினாருன்னு நான் வாங்கல. எனக்கே தேவைப்பட்டுச்சு. அதே வாரத்துல தேவைப்பட்டது தற்செயல். இப்ப அதுல அரிசி கொட்டி வெச்சிருக்கோம். ஒரு எலி ஏறல. நல்ல மெஷின்.

அப்புறம் ஒரு டாக்டரம்மாவுக்கு, நின்ன எடத்துலயே நடக்குற மெஷின் வந்துச்சு. அதையும் அண்ணன்தான் சுத்திக் காட்டினாரு. எங்க தெலுங்கு மீன்காரர் ஒண்ணு வாங்கிட்டாரு. மேட்டுல வீடு, தெனம் நாலு தடவ கூடையோட ஏறி எறங்குற மனுஷன். "எதுக்கு பையா இது?"ன்னு கேட்டேன். எங்க ஊர்ல யாரக் கூப்புட்டாலும் இந்தியில பையாதான். "ஹெல்த், பையா, ஹெல்த்"ன்னாரு. இப்ப அதுல வலை காயுது.

அண்ணன்கிட்ட ஒரு நாள் கேட்டேன்: "ஊரையே வாங்க வைக்கிறீங்களே, நீங்க என்னண்ணே வாங்கினீங்க?"

"நானா? தூக்கிப் பாத்தவன் எவன்டா வாங்குவான்?"

அவர் குடிசையில இருந்தது ஒரு பாய், ஒரு ரேடியோ, ரெண்டு சட்டி. ரேடியோவும் பாடாது.

இப்ப என் கதைக்கு வர்றேன். ஜெட்டிக்கு எதிர்ல டீக்கடை வெச்சிருக்கேன். நாலு வருஷத்துக்கு முந்தின மழையில கூரை துருப்பிடிச்சு, தண்ணி நேரா அடுப்புலயே எறங்குச்சு. அடுத்த மழைக்குள்ள புது ஷீட்டு போடலேன்னா கடைய இழுத்து மூடிட்டு, காண்ட்ராக்டரா இருக்குற என் மச்சான்கிட்ட கூலிக்குப் போகணும். அதுக்கு நனைஞ்சே சாகலாம். அதனால வருஷம் பூரா காசு சேத்து, பதினாலு ஷீட்டுக்குச் சேட்டன்கிட்ட அட்வான்ஸ் குடுத்தேன். ஊர்ல ஆர்டர் எடுத்து ஷிப்புல சாமான் வரவைக்கிற மலையாளி அவரு. மழைக்கு முன்னாடி வர்றது இன்னும் ரெண்டே ஷிப்பு.

மொத ஷிப்புல யாரோ ஒரு ஆபீசருக்கு அண்ணன் தலையில டிவி வந்துச்சு. கதவு அகலம். பெட்டியில ஒரு குடும்பமே பல்லு தெரியச் சிரிக்குது. என் குடும்பம் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. வீட்டுக்கு வந்து போனத் தொறந்தா அதே டிவி. எங்க ஊர் நெட்வொர்க்குல வீடியோ ஓடாது, விளம்பரம் மட்டும் நிக்காம ஓடும். நான் இதுக்கெல்லாம் மயங்குற ஆளே இல்ல. சொந்தமா யோசிச்சேன். கடையில டிவி இருந்தா கூட்டம் வரும், கூட்டம் வந்தா காசு வரும், காசு வந்தா கூரை தானா வரும். மறுநாள் காலையிலயே சேட்டன்கிட்ட போய், "ஷீட்டு வேணாம், டிவி போடுங்க"ன்னேன். என் கடையில உக்காந்திருந்த அண்ணன்கிட்டயும் சொன்னேன். டீய ஒரு முழுங்கு முழுங்கிட்டு, மேல கூரையப் பாத்தாரு.

அடுத்த ஷிப் வந்துச்சு. நான் சலவைச் சட்ட போட்டு வாசல்ல நிக்கிறேன், ஊரு பாக்கட்டும்னு. பஜார் மொனையில அண்ணன் கொரல்.

"ஹட்டோ, ஹட்டோ! ஷீட்டு வருது! நீல ஷீட்டு! உள்ள இருக்கிறவன் நனையவே மாட்டானாம்!"

எந்தப் பைத்தியக்காரன் ஷீட்டு வாங்கினான்னு சிரிச்சேன். என் வாசல்ல வந்து எறக்கினாரு. ஒரு நடைக்கு ரெண்டு ஷீட்டு. பதினாலு ஷீட்டுக்கு ஏழு ஊர்வலம். கடல் காத்து ஷீட்டத் தூக்க, ஷீட்டு அண்ணனத் தூக்க, ஒவ்வொரு தடவையும் பஜார் முழுக்கச் சுத்தித்தான் வந்தாரு.

"அண்ணே, என் டிவி எங்கண்ணே?"

"உன் வீட்டுக்காரம்மா வேணாம்னுருச்சுன்னு சேட்டன்கிட்ட சொல்லிட்டேன்."

"அவ எப்பண்ணே சொன்னா? அவளுக்கு டிவி விஷயமே தெரியாதே!"

"கேட்டிருந்தா சொல்லியிருக்கும்ல?"

உள்ளேருந்து என் பொண்டாட்டி கொரல்: "என்ன டிவி?"

அதுக்கப்புறம் நடந்தத எழுதினா பத்திரிகையில போட மாட்டாங்க. அது ஓஞ்சப்புறம் அண்ணனக் கேட்டேன்: "என் காசு, என் கடை. உங்களுக்கு என்னண்ணே வந்துச்சு?"

"உன் டீ வாயில வைக்க முடியாதுடா," அப்படின்னாரு. "ஆனா மழை வந்தா இந்த ஊர்ல நான் வேற எங்க போய் உக்கார்றது?"

ஷீட்டு போட்டு முடிச்ச நாலாம் நாள் மழை புடிச்சுருச்சு. அடுப்பு அணையல. மச்சான் வேற ஆளப் பாத்துக்கிட்டான். மழை விட்டதும் வந்த ஷிப்புல ஊர்ல பாதிப் பேருக்கு நீல ஷீட்டு. நல்ல கூரைக்கு மேல இன்னொரு கூரை போட்டவங்களும் உண்டு. என்னையப் பாத்து ஊரு வாங்கின பொருள் அது ஒண்ணுதான். கேட்டா, அவங்கவங்களுக்குத் தேவைப்பட்டுச்சாம்.

இப்ப அண்ணனுக்குக் கழுத்து போயிருச்சு. தலையில ஒரு துண்டுகூட வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. பெட்டியெல்லாம் வேன்ல போகுது. அவரு காலையில வந்து என் கடையில மூலை பெஞ்சுல உக்காந்தா, சாயந்தரம்தான் எழுந்திரிப்பாரு. டீ நல்லா இல்லேன்னு நாலு தடவ சொல்லுவாரு. அஞ்சாவது டீ கேப்பாரு.

போன மழையில அந்த மூலைக்கு மேல ஒரு ஆணி கழண்டு, அவரு தோள்ல சொட்டுச்சு. சோம்பேறின்னு ஊரே பேரு வெச்ச நான், கொட்டுற மழையில கூரை மேல ஏறி அத அடைச்சுட்டு எறங்கினேன். கடையில இன்னும் நாலு எடத்துல ஒழுகுது. அங்கெல்லாம் கஸ்டமர் உக்காரட்டும்.