பார்லி அவிழ்ந்து ஓட ஓர் இடம்

கல்கரி,
பனி உருகிச் சேறாகிய ஞாயிறு.

அன்புத் தங்கை டார்க்காவுக்கு,

அண்ணன் ஒரெஸ்ட் எழுதிக்கொள்வது. நானும் பார்லியும் சுகம். உன் சுகமும், மாப்பிள்ளை ஸ்டெஃபனின் இடுப்புவலியும், உங்கள் பசுக்களும் எப்படி என்று அறிய ஆவல். நிற்க.

ஈஸ்டருக்கு வரும்போது நாய்க்கூண்டையும் வண்டியில் ஏற்றிவருவதாகவும், அதற்கு முன் நாய் அவிழ்ந்து ஓட நான் ஓர் இடம் பார்க்காவிட்டால் அது உங்கள் பண்ணைக்கு வந்துவிட வேண்டும் என்றும் நீ எழுதியதில் நியாயம் இருக்கிறது. மகன் ஹாலிஃபாக்ஸுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன இந்தக் கன்றுக்குட்டி உயர ஜீவன், ஓட இடமில்லாமல் என் இரண்டு அறைக்குள் பந்தயம் விடுகிறான். கீழ்வீட்டு திருமதி பெக்வித் துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கிறார். வீட்டுக்காரரும் கடைசி முறையாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் டார்க்கா, ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காலையில் எனக்காக ஒருவன் கதவருகே காத்து நிற்பது இப்போதுதான். அவனைக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஆகவே, கயிறில்லாமல் நாய் ஓடலாம் என்று நகரசபை பலகை வைத்திருக்கும் பூங்காக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் குன்றின் மேல் இருக்கும் பூங்கா. கண்ணுக்கெட்டிய தூரம் புல், வேலி என்பதே கிடையாது. கயிற்றை அவிழ்த்ததுதான் தெரியும், பார்லி மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். தொண்டை கிழியக் கத்தினேன், தொத்திறைச்சித் துண்டை ஆட்டினேன், கடைசியில் புதரோரம் சாம்பல் நிறத்தில் வந்து நின்றான். "என் ராசா, வந்துட்டியா, வாடா வா" என்று சேற்றில் மண்டிபோட்டுக் கையை நீட்டும்போது, ஓட்டப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண், "சார், அது கொயோட்டி, ஓநாய் ஜாதி! உங்க நாய் உங்க பின்னாடி நிக்குது" என்றாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது என் தப்புதான். கொயோட்டி தொத்திறைச்சியைக் கவ்விக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டது, அந்தப் பெண்தான் காட்டுமிருகத்துக்குத் தீனி போடலாமா என்று கார் வரைக்கும் வந்து பாடம் நடத்தினாள்.

அடுத்தது ஆற்றோரம். அங்கே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வெகுநேரம் பொறுத்திருந்து ஒரு மீனை இழுத்தார். பார்லி அவரை முந்திப் போய் அதைக் கவ்வி, கரைக்குக் கொண்டுவந்து என் காலடியில் பெருமையாக வைத்தான். "யோவ், அத உசுரோட திரும்ப ஆத்துல விடணும்யா!" என்று அவர் அலறுகிறார். விடுவதற்கென்றே ஒருவர் இந்தக் குளிரில் மீன் பிடிப்பார் என்று நாய்க்கு எப்படித் தெரியும், எனக்கே விளங்கவில்லை. நான் மீனைத் தண்ணீரில் விட்டேன், அவன் மறுபடி எடுத்து வந்தான். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. அந்த மீனைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

கடைசியாக, சரக்கு ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா. புல் கிடையாது, வெறும் சேறு, சுற்றிலும் வேலி. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. வெளிக்கதவைச் சாத்திவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாய் ஒரு கையை இழுக்க, காப்பி மறு கையில் கொட்ட, நான் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டேன். உள்ளே இருந்த அத்தனை நாய்களும் என் கால் இடுக்கு வழியாக வெளியேறி, எதிரே இருந்த டோனட் கடையை நோக்கி ஓடின. பார்லியும் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு கூடவே போனான். "எவன்யா ரெண்டு கதவையும் தொறந்தது?" என்று சிவப்புக் குல்லாய் போட்ட ஓர் அம்மாள் போட்ட சத்தத்தில் எனக்கு ஊரைவிட்டே போய்விடலாம் போலிருந்தது. வேறு வழி தெரியாமல், "பார்லீ!" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். டார்க்கா, அவன் திரும்பினான்! ஜென்மத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டதும் வந்தான், மற்ற நாய்களும் அவன் பின்னாலேயே வந்தன. அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "சரி சரி, மூக்கத் தொடைங்க. நாளைக்கும் இதே நேரம் வாங்க, கதவ மட்டும் நான் தொறக்குறேன்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் போகிறோம். அங்கே ஆள் பெயரை யாரும் கேட்பதில்லை, நாயின் பெயர்தான் கணக்கு. சிவப்புக் குல்லாய்க்காரர் ஆலிவின் அம்மா, நான் பார்லியின் அப்பா. போன வாரம் மளிகைக்கடையில் அவரைப் பார்த்து, வேறு பெயர் தெரியாமல் "ஆலிவ்!" என்று கத்தினேன். "என்ன பார்லி, முட்டைக்கோசா வாங்குறீங்க?" என்று வெகு இயல்பாகக் கேட்டார். வீட்டுக்கு வந்தால் பார்லி சுருண்டு தூங்குகிறான். திருமதி பெக்வித்தே மேலே வந்து, "நாயக் குடுத்துட்டீங்களா? சத்தமே இல்லையே, பாவம்" என்று துக்கம் விசாரித்தார்.

ஆகவே இடம் கிடைத்துவிட்டது, நிரந்தரமாக, வேலியோடு. இனி கவலை வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பசுக்களுக்கு ஒரு தட்டிக்கொடுப்பு. வரும் ஈஸ்டர் உங்கள் வீட்டில் எல்லா நலமும் நிறைக்கட்டும்.

உன் அண்ணன்,
ஒரெஸ்ட் டானிலுக்

பி.கு.: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். இன்று பூங்கா வாசலில் பலகை தொங்குகிறது. சாக்கடைக் குழாய் பதிக்கப் போகிறார்களாம், திங்கட்கிழமை முதல் பூட்டு, எப்போது திறக்கும் என்று தெரியாது. எல்லாரும் சேற்றில் நின்று பலகையைத் திரும்பத் திரும்பப் படித்தோம். அப்புறம் ஆலிவின் அம்மா, "பார்லியப்பா, ஊர்ல இருக்குற பார்க்கையெல்லாம் சுத்திப் பாத்தவரு நீங்க ஒருத்தர்தான். நல்லதா ஒண்ணு சொல்லுங்க, நாங்க எட்டுப் பேரும் அங்கயே வந்துடுறோம்" என்றார். எனவே சனிக்கிழமை மறுபடி தேடக் கிளம்புகிறேன். நீ கேட்ட இடம் இன்றைய தேதிக்கு என்னிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூண்டை ஏற்றாதே. பார்லியைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை இனி நான் மட்டும் சொல்ல முடியாது, எட்டுப் பேரைக் கேட்க வேண்டும்.