பாஞ்சோ அங்கிளும் ஒற்றை மைக்கும்

சிட்னி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பாஞ்சோ வாசிக்கும் தமிழர் ஒருவர்தான் கிடைப்பார். அந்த ஒருவரையே ஊர் தாங்காது. ஹோம்புஷில் எனக்கு நேர் கீழ் ஃபிளாட்டில் இருக்கிறார். அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் பாஞ்சோ அங்கிள்.

பாஞ்சோ என்றால், கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்து அதில் ஐந்து கம்பி கட்டியது போல ஒரு வாத்தியம். அதை வைத்து வாசிக்கிற ப்ளூகிராஸ், அமெரிக்க மலைப்பக்கத்து இசை. மேளம் கிடையாது, எல்லாம் கம்பி வாத்தியங்கள்தான். வேகமோ, கிளம்பிவிட்ட ரயிலைப் பிடிக்க ஓடுகிற வேகம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, செவன் ஹில்ஸில் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறவருக்கு இதோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

பில் என்ற ஆஸ்திரேலியக் கிழவர், பிடில்காரர், தன் பழைய வேனை ரிப்பேருக்கு விட்டாராம். அதன் டேப்பில் ஒரு ப்ளூகிராஸ் கேசட் சிக்கிக் கிடந்தது. சாவியைத் திருகினால் பாட்டு. வேன் மறுநாளே சரியாகிவிட்டது. ஆனாலும் அங்கிள், பார்ட்ஸ் வரவில்லை, கப்பலில் வருகிறது என்று சொல்லிச் சொல்லி அதைத் திருப்பித் தரவே இல்லை. சந்தேகப்பட்டு பில் நேரில் வந்து பார்த்தால், மெக்கானிக் டிரைவர் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் விரல்களை ஓட்டிக்கொண்டிருக்கிறார். பில் போலீசுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய், சும்மா கிடந்த ஒரு பாஞ்சோவை எடுத்து வந்து கொடுத்தார்.

சத்தம் பொறுக்காமல் சண்டை போடத்தான் நான் முதன்முதலில் கீழே இறங்கினேன். அங்கிள் விரல்களில் உலோக நகங்களை மாட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அசைந்தது மூன்று விரல். காதில் விழுந்தது முப்பது. வந்த காரியம் மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். வென்ட்வேர்த்வில்லில் ஒரு புது வீட்டுப் பால் காய்ச்சும் விசேஷத்தில் அவர் வாசித்தபோது, பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. வீட்டுக்கார ஆன்ட்டி உட்பட ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடக்கத்துக்கும் அங்கிளுக்கும் ஆகவே ஆகாது. ரவுண்டபவுட்டில் பஸ்ஸுக்குக்கூட வழி விடமாட்டார். கேரம் ஆட்டத்தில் தோற்றால் போர்டு கோணல் என்பார். பில்லின் குழுவில் சேர்ந்த பிறகு, மேடையில் அவருக்கென்று வைத்த மைக்கை யாராவது தொட்டால் முறைப்பார்.

போன வருஷம், எண்பதைத் தாண்டிய பில், விரல்கள் மடங்க மறுக்கின்றன, இன்னும் ஒரே ஒரு ஆல்பம், அதோடு பிடிலை வைத்துவிடுகிறேன் என்றார். அதன் கடைசிப் பாட்டை அங்கிளின் பாஞ்சோவுக்கென்றே கட்டியிருந்தார். அங்கிள் சோறு தண்ணீர் மறந்து சாதகம் செய்தார்.

"அந்தாள் எனக்கெண்டு செய்தது, தம்பி. அது பிழையாப் போச்சுதெண்டால் நான் பிறகு இதைத் தொடமாட்டன்."

ஆல்பத்தைப் பழைய முறையில் பதிவு செய்ய பில் ஆசைப்பட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தின் நடுவே ஒரே ஒரு மைக். எல்லோரும் அதைச் சுற்றி நெருக்கி நிற்க வேண்டும். யாருடைய முறை வருகிறதோ அவர் மைக்குக்கு நெருங்கி வாசித்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். கூடம் அந்த ஒரு நாள்தான் கிடைத்திருந்தது. அங்கிளின் விரல்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று காரை நான் ஓட்டிப் போனேன்.

கடைசிப் பாட்டில் பில்லின் முறை முடிந்து அங்கிளின் முறை. முழங்கால் வலியால் பில் மெதுவாகத்தான் விலகினார். அவர் விலகும்வரை அங்கிள் பின்னாலேயே நின்று வாசித்தார். பதிவில் பாஞ்சோ பக்கத்துத் தெருவில் கேட்பது போலக் கேட்டது. மறுபடி வாசித்தார்கள். மறுபடியும் அதே கதை. ஒலிப்பதிவு செய்த பெண் இன்னொரு மைக் வைக்கலாம் என்றாள். பில் தலையசைத்து மறுத்தார். மதியம் போய்க்கொண்டிருந்தது. நான் அங்கிளைத் தனியே கூப்பிட்டேன்.

"அவரே முன்னாடி வரச் சொல்றாருல்ல அங்கிள்?"

"சொல்லுவார். அது அவற்ற பெரிய மனசு. அந்த வயசு மனுசனை இடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போய் நிக்க எனக்குக் கால் வருகுதில்லை."

பஸ்ஸுக்கு வழி விடாத மனிதர் சொன்னது இது. நான் போய், எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று பில்லிடம் விளக்கினேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். இன்னொரு முறை வாசிப்போம் என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை, தன் வரி முடிவதற்குள்ளேயே பில் பிடிலை நிறுத்தினார். வில்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையை அங்கிளின் முதுகில் வைத்து, மைக்கை நோக்கி ஒரு தள்ளு தள்ளினார். அங்கிள் போய் நின்றார். பிறகு அவர் வாசித்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. கிதார்க்காரர் வாயைப் பிளந்தபடி கம்பியை மீட்டினார்.

ஆல்பம் போன மாதம் வெளிவந்தது. கடைசிப் பாட்டில் பிடில் சட்டென்று நின்றுபோகிறது. அதை ஒட்டிச் சரிசெய்து தருகிறேன் என்று அந்த ஒலிப்பதிவுப் பெண் கேட்டதற்கு பில் சம்மதிக்கவில்லை. பரமட்டாவில் நடந்த வெளியீட்டில் அந்த இடம் ஒலித்தபோது அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதிலதான், தம்பி... அவர் என்ர முதுகில கை வைச்சவர்."

அவ்வளவு வேகக்கார மனிதருக்கு அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அதுவரை நான் என் கையை எடுக்கவில்லை.