மதாம் சோஃபிக்கு எல்லாம் கேட்கும்

விசாரணைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மதாம் சோஃபி, கிளை மேலாளர், தலைமை. திரு. நெடுமாறன், கணினிப் பிரிவு; பிரிவு முழுவதும் அவரே. திருமதி அமிர்தவல்லி, ஊழியர்களின் பிரதிநிதி, ஊழியர்கள் தேர்ந்தெடுக்காதவர். இராமதாஸ் ஆகிய நான், குறிப்பெடுக்க. சத்யப்பிரியா, விசாரிக்கப்பட. நேரில் வராமலே எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தது: பாரீஸ், அதாவது தலைமையகம்.

மனித குலத்தைக் கட்டிப்போட்டிருந்த கடைசிக் கம்பி எங்கே அறுந்தது என்று நாளை யாராவது வரலாறு எழுதினால், புதுச்சேரி லாஸ்பேட்டையில், ஒரு ஸ்கூட்டர் ஷோரூமின் மேல்மாடியில் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அங்கேதான் எங்கள் அலுவலகம். பிரான்சில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனால் அங்கிருப்பவர்கள் ஓர் எண்ணுக்கு போன் செய்வார்கள். அது எங்கள் மேஜையில் அடிக்கும். எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நாங்கள் பிரெஞ்சில் சொல்வோம். எங்களில் ஒருவரும் அந்த பாய்லரைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் குறை எங்கள் தன்னம்பிக்கையை ஒருநாளும் பாதித்ததில்லை.

இதற்கு முன் நான் அமெரிக்கர்களுக்காக ராத்திரி ஷிஃப்டில் கண்விழித்து, முடியாமல் விட்டு வந்தவன். பிரெஞ்சுக்காரர்கள் எவ்வளவோ மேல். நம் மத்தியானத்தில்தான் அவர்களுக்குக் குளிர ஆரம்பிக்கிறது.

மதாம் சோஃபி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மதாமின் பிரெஞ்சைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது, ஏனென்றால் இரண்டாவது கருத்து சொன்னவர்கள் இப்போது இங்கே வேலையில் இல்லை. அலுவலகத்தை அவர் ஒரே ஒரு விதியால் ஆண்டார்: பாரீஸ் பேசும்போது "பர்தோன்?" என்று கேட்கக் கூடாது. அதாவது, காதில் விழவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று சொல்லக் கூடாது. அப்படிக் கேட்பவனுக்கு பிரெஞ்சு தெரியாது என்று பாரீஸ் முடிவுகட்டிவிடும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் "வுய்" என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு "ஆமாம்" என்று பொருள். எந்த மொழியிலும் ஆமாம் சொன்னவனை யாரும் இலக்கணம் கேட்பதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. வாயில் நுழையாத பெயருள்ளவர் சொன்னால் பாய்லர் சரியாகாது என்பது நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. ஆகவே போனில் எல்லோருக்கும் பிரெஞ்சுப் பெயர். நான் ஃப்ளோரான். அமிர்தவல்லி அக்கா ஏலிஸ். சத்யப்பிரியா வேலைக்குச் சேர்ந்த மாதமே அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு மனம் குளிர்ந்த மதாம், தன் சொந்தப் பெயரையே அவளுக்குப் பரிசளித்தார். அன்று முதல் அவளும் சோஃபி. செலவில்லாத சம்பள உயர்வு என்று அமிர்தவல்லி அக்கா அதைப் பாராட்டினார்.

சத்யப்பிரியாவுக்கு அந்தப் பெயர் லேசாகக் கிடைத்ததல்ல. சேதராப்பட்டில் ஒரு மருந்து ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்றபடி பாட்டிலுக்கு மூடி போட்டவள். சாயந்திரம் வீங்கிய காலோடு பஸ் பிடித்து வந்து பிரெஞ்சு வகுப்பில் உட்காருவாள். "ஏன்டி பிரெஞ்சு படிக்கிற?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "அங்க மட்டும்தாண்ணா உக்கார நாற்காலி குடுத்தாங்க" என்றாள். இங்கே அவளுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. ஒருநாளும் அவள் அந்த நாற்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்ததில்லை.

இப்படிப்பட்ட புண்ணியத் தலத்துக்குத்தான் கம்பியில்லா ஹெட்செட் வந்தது. ஆளுக்கு ஒன்று. மதாம் பேசினார். இது ஒரே நேரத்தில் போனோடும் கம்ப்யூட்டரோடும் இணையும், இனி நீங்கள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், நீங்கள் சுதந்திரமானவர்கள் என்றார். பிறகு யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்றும் சொன்னார். கைதட்டினோம்.

நெடுமாறன் சார் ஒவ்வொரு ஹெட்செட்டுக்கும் அதன் உரிமையாளரின் பெயரையே வைத்தார். போனில் வழங்கும் பெயரை. அப்படித்தான் உலகத்திலேயே முதன்முறையாக, ஒரே அறையில், "சோஃபி" என்ற பெயரில் இரண்டு ஹெட்செட் பிறந்தன. பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்கு நீலமும் சிவப்புமாக மினுக்கும், அப்போது கம்ப்யூட்டரில் பெயர் தெரியும், தொட்டால் இணைந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தோம். அறை ஆம்புலன்ஸ் மாதிரி மினுக்கியது. அமிர்தவல்லி அக்காவுடையது கீழே ஷோரூம்காரரின் போனோடு இணைந்து, வண்டியின் மைலேஜ் பற்றி அவர் வாடிக்கையாளரிடம் அளந்த கதை முழுவதும் அக்காவின் காதில் விழுந்தது. கம்பெனி தரும் பயிற்சி என்று நினைத்து அக்கா அதைக் குறித்துக்கொண்டார்.

அது மறுநாளே சரியானது. சரியாகாதது ஒன்று இருந்தது. மதாமின் லேப்டாப்பில் தெரிந்த இரண்டு சோஃபிகளில் நெடுமாறன் சார் தொட்டது சத்யப்பிரியாவின் சோஃபி. மதாமின் ஹெட்செட் போய் ஒட்டிக்கொண்டது சத்யப்பிரியாவின் கம்ப்யூட்டரில். ஆக, பாரீஸ் லேப்டாப்பில் பேசினால் அது சத்யப்பிரியாவின் காதுக்குப் போகும். மதாமின் காதில் விழுவது சத்யப்பிரியாவின் கம்ப்யூட்டர் எழுப்பும் "டிங்" மட்டும்.

சாதாரண மேலாளர் ஒருவர் இந்த நிலையில் என்ன செய்திருப்பார்? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருப்பார். மதாம் சாதாரண மேலாளர் அல்ல. திரையில் பாரீஸ்காரரின் வாய் அசைந்தது. காதில் டிங் என்றது. மதாம் புன்னகைத்து "வுய்" என்றார். அவர் குரலை லேப்டாப் தன் சொந்த மைக்கில் பிடித்து ஒழுங்காக அனுப்பியது. இப்படியே கூட்டத்துக்குக் கூட்டம் நடந்தது. புதுச்சேரிக் கிளையின் ஒத்துழைப்பைப் பாராட்டி பாரீஸ் ஒரு சான்றிதழ்கூட அனுப்பியது.

சத்யப்பிரியா முதலில் அந்தக் குரல்களைக் கேட்டதும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டாள். பெரியவர்கள் பேச்சு என்ற மரியாதை. பாய்லர் அழைப்பு வரும்போது மட்டும் மாட்டுவாள். புதன்கிழமை ஓர் அழைப்பை முடித்துக் கழற்றப் போனபோது, பாரீஸ் ஒரு கேள்வி கேட்டது அவள் காதில் விழுந்தது. வரும் திங்கள் முதல் அழைப்புகளை மனிதர் குரலில் பேசும் ஓர் இயந்திரம் எடுத்துக்கொள்ளும், உங்கள் இருபது பேரையும் அனுப்பிவிடலாம், உங்களுக்குச் சம்மதமா?

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மதாம் புன்னகைத்தார். "வுய், வுய்" என்றார்.

சத்யப்பிரியா எழுந்து நின்று, அறை நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி அதைத் தமிழில் சொன்னாள். அதனால்தான் வியாழக்கிழமை விசாரணை.

இந்த விசாரணையின் நேர்மையை நான் எத்தனை புகழ்ந்தாலும் தகும். அவள் கேட்டது உண்மையா என்று குழு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது அவள் சொந்த விஷயத்தில் தலையிடுவதாகும். எப்படிக் கேட்டாள் என்பது மட்டுமே கேள்வி. அமிர்தவல்லி அக்கா, அவளுடைய காதில் ஏதாவது பிரச்சனை இருக்குமா, டாக்டரிடம் காட்டலாமா என்று விசாரித்தார். நெடுமாறன் சார் மதாமின் லேப்டாப்பில் ஒரு சேவல் கூவும் சத்தத்தைப் போட்டார். மதாம் தன் ஹெட்செட்டில் ஒன்றும் கேட்காமல், வழக்கம்போலத் தலையாட்டினார். மேஜையின் மறுபுறம், தன் ஹெட்செட்டை மாட்டியிருந்த சத்யப்பிரியா, "கோழி கூவுது சார்" என்றாள்.

நெடுமாறன் சார்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"மதாம், அப்படின்னா இத்தன நாளா அவங்க பேசினது உங்களுக்கு..."

"கேட்டுது" என்றார் மதாம்.

"இல்ல மதாம், கனெக்ஷனே..."

"எனக்கு எல்லாம் கேட்டுது, நெடுமாறன்."

சத்யப்பிரியா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "மதாம், ஒரு போன் போதும். நேத்து லைன் சரியில்ல, இன்னொரு தபா சொல்லுங்கன்னு கேளுங்க. நீங்க வேணாம்னா அவங்க யோசிப்பாங்க."

"நான் பர்தோன் கேக்கணும்ன்ற?"

"நாங்க இருவது பேர் மதாம். நான் திரும்ப சேதராப்பட்டுக்குப் போய் நிக்க முடியாது."

மதாம் எதிரே இருந்த சான்றிதழைப் பார்த்தார். அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது என்பதை நான் குறிப்பில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன். ஒன்று, தனக்குக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வது. இன்னொன்று, கேட்டுத்தான் சம்மதித்தேன் என்று சொல்வது.

"அது நான் யோசிச்சு எடுத்த முடிவு" என்றார்.

அமிர்தவல்லி அக்கா கைதட்டிவிட்டார். பழக்கதோஷம். பிறகு தானும் அந்த இருபது பேரில் ஒருவர் என்பது நினைவுக்கு வந்து, தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தீர்மானங்கள் நிறைவேறின. இணைப்பில் எந்தக் கோளாறும் இல்லை. ஆகவே எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. சரிசெய்தால் கோளாறு இருந்ததாகிவிடும். சத்யப்பிரியா காதில் விழுவதை வெளியே சொல்லக் கூடாது. ரகசியம் காக்கப்பட, பாரீஸ் பேசும்போது மதாமின் அறைக் கதவு உள்ளே பூட்டப்படும். கம்பி இல்லாமல் சுவரைத் தாண்டிப் போகும் ஒலியை ஒரு பூட்டால் நிறுத்தலாம் என்ற யோசனை கணினிப் பிரிவுக்கு வராதது அந்தப் பிரிவின் துரதிர்ஷ்டம். அது மதாமுடையது.

வெள்ளிக்கிழமை பாரீசுடன் கடைசிக் கூட்டம். மதாம் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, தலைவாரிக்கொள்ள வெளியே போனார். அந்த நிமிடமே சத்யப்பிரியாவின் ஹெட்செட் "கனெக்டட்" என்றது. அவள் விரலை உதட்டில் வைத்தாள். எல்லோரும் அவளைச் சுற்றி வந்தோம். இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்ற விதி அன்றுதான் முதன்முறையாக மீறப்பட்டது.

பாரீஸ்காரர்கள் இருவர் முன்னதாகவே வந்து உட்கார்ந்து, எதிரில் ஆளில்லாத திரையைப் பார்த்தபடி தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்யப்பிரியா காதில் விழ விழத் தணிந்த குரலில் தமிழில் சொன்னாள். இயந்திரம் இன்னும் தயாராகவில்லையாம். கிழவிகள் பேசினால் அதற்குப் புரியவில்லையாம். இந்தம்மா ஒரு வார்த்தை கேட்டால் இருபது பேரையும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம், மேலே அனுமதி வாங்கியாகிவிட்டது. நாமாகச் சொல்ல வேண்டாம். கடைசியாக ஒருமுறை, மூடுவதற்குச் சம்மதமா என்று கேட்போம். இதற்கும் வுய் என்றால் திங்களோடு மூடிவிடலாம். அந்தம்மாவின் வேலையும் சேர்த்துத்தான்.

மதாம் திரும்பி வந்தார். கையில் சாவி. சத்யப்பிரியா ஹெட்செட்டோடு ஓடிப்போய் அறை வாசலில் நின்றாள்.

"மதாம், ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கி மட்டும் 'நோ' சொல்லுங்க. எது கேட்டாலும் நோ சொல்லுங்க."

"திரும்பவும் ஒட்டுக் கேட்டியா?"

"உங்க வேலையும் போவுது மதாம்."

மதாமின் கை கதவின் மேல் நின்றது. முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அவருக்கும் லாஸ்பேட்டையில் வீட்டு வாடகை உண்டு; பாரீசில் யாரும் இல்லை. ஒரு நிமிடம் கேட்டுவிடுவார் என்றே நினைத்தேன். ஹெட்செட்டைக் கழற்றிச் சத்யப்பிரியாவிடம் நீட்டி, உன்னுடையதைக் கொடு என்று சொல்லியிருந்தால் போதும். அந்த இரண்டும் கைமாற ஒரு நொடி ஆகியிருக்கும். சத்யப்பிரியா தன்னுடையதைக் கழற்றி நீட்டவும் செய்தாள்.

"உன் ஹெட்செட்ட எனக்குக் குடுக்கப் பாக்கறியா?" என்றார் மதாம். "அப்ப என்னோடது என்னாச்சுன்னு நாலு பேர் கேக்க மாட்டாங்க?"

"நாங்க யாரும் கேக்க மாட்டோம் மதாம்."

"வழி விடு, சோஃபி."

அவள் வழி விட்டாள். இருபது குடும்பத்தின் சோற்றைவிடத் தன் பிரெஞ்சு பெரிது என்று காட்டிய அந்த மகத்தான பெண்மணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பி, பூட்டு விழுந்த சத்தம், எந்தக் கருவியோடும் இணையாமலே, எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.