எல்லாம் கார்புரேட்டர்தான்

ஓடாத மெஷின் எங்கே நிற்கிறதோ அங்கே தானாக முளைக்கும் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, "கார்புரேட்டராத்தான் இருக்கும்" என்பார்கள். ஸ்கூட்டர் நின்றாலும் கார்புரேட்டர், ஜெனரேட்டர் நின்றாலும் கார்புரேட்டர்; மிக்ஸி நின்றால்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான், மனமில்லாமல், வேறு காரணம் சொல்வார்கள். இந்த இனத்தின் கே.கே. நகர்க் கிளைக்குத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஹரிஹரசுதன்.

குடியிருப்போர் சங்கத்தின் பெட்ரோல் புல்வெட்டும் மெஷின் அவர் பொறுப்பு. அதனால் பூங்கா சாவியும் அவரிடம்தான். அதை ஓர் ஊக்கில் கோத்துச் சட்டையில் குத்திக்கொண்டு நடக்கும்போது அவர் முதுகு தானாக நிமிரும். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து மாலை போட்டதும் அவரே; கட்டிக் கட்டியாகச் சந்தனம் குழைத்து இண்டு இடுக்கு விடாமல் பொட்டு வைத்ததும் அவரே.

விஜயதசமி காலையில், பூஜையில் வைத்ததை எடுத்து ஓட்டியாக வேண்டும் அல்லவா? கயிற்றை இழுத்தார். ஓர் உறுமல். அடங்கிவிட்டது. மறுபடி இழுத்தால் உறுமல்கூட இல்லை.

சங்கச் செயலாளர் பவித்ரா வந்துவிட்டார். சாயங்காலம் பூங்காவில் பிள்ளைகளுக்கு ஷட்டில் போட்டி. புல்லோ முழங்கால் உயரம்.

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமா சார்?"

"எதுக்குங்க? கார்புரேட்டர்தான். எனக்குத் தெரியாதா?"

"அரியமங்கலத்துல நமக்குத் தெரிஞ்சவர் இருக்காரு சார், போன் பண்ணா வந்துடுவாரு" என்றார் எதிர்வீட்டுக் கலீல்.

"வந்து என்ன பண்ணப் போறாரு பாய்? கார்புரேட்டரைக் கழட்டுவாரு. அதை நானே கழட்டுறேன்."

கழற்றினார். ஊதினார், பழைய பனியனால் துடைத்தார், வெயிலில் காட்டினார், மாட்டினார், பிளக்கைச் சுரண்டினார், டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோலை மோந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார், மூடியை இறுக்கினார், கயிற்றை இழுத்தார். ஓர் உறுமல். அவ்வளவுதான். மறுபடியும் கார்புரேட்டரைக் கழற்றினார்.

பவித்ராவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க சார். ஓடலைன்னா சாவியைக் கலீல் சார்கிட்ட குடுத்துடுங்க. அவர் ஆளை வச்சு வெட்டிக்கட்டும்."

ஹரிஹரசுதன் சட்டையில் குத்தியிருந்த சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சாவி போனால் பூங்காவில் அவரும் எல்லாரையும் போல ஓர் ஆள்தானே? மறுபடி டேங்க் மூடியைத் தொட்டவர் அப்படியே நின்றார். மூடியின் நடுவில் காற்று போக ஊசிமுனை அளவு துளை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அந்தத் துளையின் மேல், அளவெடுத்தாற்போல், அவர் வைத்த சந்தனப் பொட்டு. குங்குமத்தோடு.

யாரும் பார்க்காதபோது பொட்டை வழித்தார். சாவி ஊக்கை எடுத்துத் துளையைக் குத்தினார். விரலில் ஒட்டிய சந்தனத்தை என்ன செய்வது? கலீல் திரும்பினார். ஹரிஹரசுதன் சட்டென்று அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, பெருமாளே என்று கண்ணை மூடிக் கயிற்றை இழுத்தார்.

மெஷின் அலறிக்கொண்டு ஓடியது.

"என்ன சார் பண்ணீங்க?" என்று கலீல் கத்தினார்.

"நான்தான் சொன்னேனே! கார்புரேட்டர்!"

பவித்ரா கிரீஸும் சந்தனமும் குழைந்திருந்த அந்த நெற்றியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் சார். அடுத்த வருஷம் பொட்டு மட்டும் நான் வைக்கிறேன்."

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் நின்றபோது, கேட்காமலே போய் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன? எனக்குப் பதில் வேண்டாம். எதற்கும் கண்ணாடியில் நெற்றியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.