மூணரை டம்ளர்

எண்ணும் பழக்கம் உள்ளவனை நம்பி யாரும் ஒரு காரியத்தில் இறங்கக் கூடாது. அவனுக்கு எண்ணிக்கை தெரியும். எதற்காக எண்ணினான் என்பது தெரியாது. நான் அந்த ரகம். கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் எத்தனை இலை என்று கேட்டால் உடனே சொல்வேன். மாப்பிள்ளை பெயர் கேட்டால் விழிப்பேன். (அறுபதைத் தாண்டிய பிறகு இதை வியாதி என்கிறார்கள். இளவயதில் நான் இதைத் திறமை என்று நம்பியிருந்தேன்.)

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புத் தோழன் குமரேசன் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்ய ஒரு குழு ஆரம்பித்தான். குழுவில் முதலில் ஒன்பது பேர். பரீட்சை நெருங்கியதும் இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆள் நான். விலகுவதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் விலக மறந்துவிட்டேன்.

எங்களுக்குக் கிடைத்த முதல் வழக்கு உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அங்கே நெல் அவிக்கும் மில் ஒன்று இருந்தது. தொட்டியில் நெல் ஊறி நாறிய தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். அது மண்ணில் இறங்கி, ஏரிக்கரை ஓரம் இருந்த இருளர் குடியிருப்பின் கிணற்றைக் கெடுத்துவிட்டது. அந்தக் குடியிருப்பின் முனியம்மாதான் மனு கொடுத்தவர். மில்லில் நெல் காயவைக்கும் வேலை அவருக்கு.

"கெணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியல தம்பி. புள்ளைங்களுக்கு வவுத்தால போய்க்கினே கீது. கையெழுத்து போட்டதுக்கு மில்லுல வேலைக்கு வராதேன்ட்டாரு. தண்ணியும் போச்சு, கூலியும் போச்சு. கேஸு நிக்குமா?"

"நிக்கும்மா" என்றான் குமரேசன். நான் அவர் வீட்டு வாசலில் இருந்த குடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு. அதில் ஐந்து காலி.

கிணற்றுத் தண்ணீரை மாதிரிக்கு எடுக்கும் பொறுப்பு என்னுடையது. காலி இருமல் மருந்து பாட்டில்களில் எடுத்தேன். (பரிசோதனைக்கு அனுப்பினோம். தண்ணீரில் மருந்து வாசனை வருகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.) எடுத்து முடித்து மில் வாசலில் குமரேசனுக்காக நின்றபோது உச்சி வெயில். மில்காரர் தெய்வசிகாமணி வெளியே வந்தார்.

"இன்னா தம்பி, படிக்கிற புள்ள வெய்யில்ல நிக்கலாமா? வா, நம்ம வூட்ல ஒரு வா சாப்ட்டுப் போ."

"இல்லீங்க, நாங்க உங்க மேலதான் கேஸ்..."

"கேஸு ஒரு பக்கம் கீது, சோறு ஒரு பக்கம் கீது. வா நைனா."

புத்தியுள்ளவன் மறுத்திருப்பான். நானோ, எதிரியின் வீட்டை நேரில் பார்ப்பதும் ஒரு புலனாய்வுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. கத்தரிக்காய்க் குழம்பு, ரசம், அப்பளம் நான்கு. வாசலில் நின்ற மாட்டுவண்டியிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். குடித்தேன். நன்றி சொன்னேன். குமரேசனிடம் மட்டும் சொல்லவில்லை.

விசாரணை உத்திரமேரூரில், கோட்டாட்சியர் முன்னால். எங்கள் பக்கம் முனியம்மா, அவருக்குத் துணையாகக் குமரேசன், சாட்சியாக நான். மில்காரர் பக்கம் காஞ்சிபுரத்திலிருந்து வந்த கறுப்புக் கோட்டு வக்கீல். உள்ளே போகும் முன் குமரேசன் என் சட்டையைப் பிடித்தான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா. ஆமா, இல்ல, அவ்வளவுதான். மூணாவது வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக் கூடாது."

வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"தம்பி, தண்ணி எடுக்கப் போன அன்னிக்கு மதியம் எங்க சாப்பிட்டீங்க?"

ஆமா, இல்ல இரண்டும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. குழம்பிப்போனேன். "இவங்க வீட்டுல" என்று மில்காரரைக் காட்டினேன்.

குமரேசன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தண்ணி குடிச்சீங்களா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"மூணு டம்ளர்."

"எப்படி இருந்துச்சு?"

"இளநீர் மாதிரி இருந்துச்சு சார்."

அறை முழுக்கச் சிரிப்பு. முனியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "அடப்பாவி, தின்ட்டு வந்துகீறானே! இவன நம்பியா கூலிய உட்டேன்!" என்றார். அந்தக் குரலை இன்று நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது.

"மில்லை ஒட்டின வீட்டுத் தண்ணியே இளநீராம். ஏரிக்கரைக் கிணறு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? இதுக்கு மேல நான் கேக்க ஒண்ணும் இல்ல" என்று வக்கீல் உட்கார்ந்தார்.

அதோடு நான் இறங்கியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. சத்தியம் செய்துவிட்டுத் தப்புக் கணக்குச் சொல்லலாமா?

"சார், ஒரு திருத்தம். மூணு இல்ல, மூணரை டம்ளர்."

"பரவால்ல, உட்காருப்பா" என்றார் கோட்டாட்சியர்.

"அரை டம்ளர் ஊத்தும்போது பீப்பாய் காலியாயிடுச்சு சார். வண்டிக்காரர் அடுத்த பீப்பாயைத் திறக்கறதுக்குள்ள நான் கை கழுவிட்டேன்."

கோட்டாட்சியர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்தப் பீப்பாய்?"

"வண்டியில செய்யாத்துலேர்ந்து வந்த பீப்பாய் சார். ரெண்டு."

"ஏன், அவங்க வீட்டுல கிணறு இல்லியா?"

"இருக்கு சார். தகரம் போட்டு மூடி மேல கல்லு வச்சிருந்தாங்க. ஏழு கல்லு."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் பயந்துபோனேன். ஒருவேளை எட்டுக் கல்லோ?

கோட்டாட்சியர் மில்காரரைப் பார்த்தார். "சொந்தக் கெணத்தை மூடிட்டு ஆத்துத் தண்ணி எதுக்குய்யா?"

"அது... எங்கம்மாவுக்கு ஆத்துத் தண்ணிதாங்க புடிக்கும்" என்று தெய்வசிகாமணி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

அன்று மாலையே எல்லோரும் ஜீப்பிலும் சைக்கிளிலும் அந்த வீட்டுக்குப் போனோம். கோட்டாட்சியரின் டவாலிச் சேவகர் கற்களை ஒவ்வொன்றாக இறக்கினார். (ஏழுதான். எனக்கு உயிர் வந்தது.) தகரத்தைத் தூக்கியதும் கோட்டாட்சியர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நான்கு அடி பின்னால் நகர்ந்தார். முனியம்மா நகரவில்லை. "எங்க கெணத்துக்கு இது எவ்ளோவோ மேலுங்க" என்றார்.

அங்கேயே உத்தரவு போட்டார்: மில் தண்ணீர் வாய்க்காலில் விழக் கூடாது, கிணறு தேறும்வரை, மில்காரர் செலவில் அதே வண்டியில் ஏரிக்கரைக்கும் ஆற்றுத் தண்ணீர் போக வேண்டும், மனு கொடுத்தவர்களை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.

இதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. நம் வழக்கைக் கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பிலேயே இருந்தேன். திரும்பும் பஸ்ஸில், செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான் கேட்டேன்.

"டேய், நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?"

"நாம ஜெயிச்சோம். நீ தோத்த" என்றான் குமரேசன்.

அடுத்த மாதம் போனபோது ஏரிக்கரையில் வண்டி நின்றிருந்தது. முனியம்மா குடத்தை நிரப்பிக்கொண்டே சொன்னார்: "இன்னா லாயரு, இன்னும் ஒரு டம்ளர் குடிச்சிருந்தீனா எங்களுக்குப் பைப்பே வந்திருக்கும்."

படிப்பை முடித்தேன், கோர்ட் படி ஏறவில்லை. எண்ணுவதற்குச் சம்பளம் கொடுக்கும் வங்கி ஒன்றில் சேர்ந்தேன். என் கல்யாணத்துக்கு வந்த குமரேசன் கதை முழுவதையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது தேவைக்கு மேல் பேசினால், "மூணரை ஆயிடுச்சு, நிறுத்து" என்பார்கள். என் மருமகள் அவள் அப்பாவிடமே சொல்லுமளவுக்கு அது பரவிவிட்டது.

போன வாரம் டாக்டரிடம் போயிருந்தோம். "தினம் எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறீங்க?" என்றார். "டாக்டர், அவரைக் கேக்காதீங்க" என்று என் மனைவி குறுக்கே விழுந்தாள்.

"எட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

உண்மையில் எட்டேகால். அன்றிலிருந்து தூக்கம் வரவில்லை. நாளைக்குப் போன் செய்து சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன்.