பெல்ட் பாயும் ஜப்பான் கார்களும்

ஓசூரில் ஓடுகிற ஜப்பான் கார் எதுவாக இருந்தாலும் சரி, அதன் பின் சீட்டில் பெல்ட் பாய் ஒருமுறையாவது உட்கார்ந்து எழுந்திருப்பார். அந்தக் கார்களின் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது.

பூட்டை உடைக்கிற ஆள் இல்லை அவர். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏதாவது ஓட்டல் வாசலில் கார் வந்து நிற்கும். குடும்பம் இறங்கி டிபன் சாப்பிடப் போய்விடும். டிரைவர் மட்டும் கதவைத் திறந்து வைத்துக் காலை நீட்டிக்கொண்டிருப்பார். பாய் போய்க் குனிந்து ஒரு வணக்கம் வைப்பார்.

"அண்ணா, ரெண்டே நிமிஷம். பின்னாடி உக்காந்து பாத்துட்டு எறங்கிடறேன்."

தேய்த்த வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கையில் டிபன் பை. இப்படி ஒரு மனிதர் இப்படி ஒன்றைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? பெரும்பாலோர் "ம்" என்றுவிடுவார்கள். அந்த "ம்" போதும். பாய் பின் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, நாடாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்ப்பார். பட்டுப்புடவை எடுக்க வந்த சம்பந்தியம்மா மாதிரி இருக்கும். பிறகு மாட்டுவார். 'டக்' என்ற சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். இறங்கி மறுபடி ஒரு வணக்கம்.

"நம்ம நாடாதாண்ணா. நல்லா இருக்குது."

சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சீட் பெல்ட்டுக்கான நாடா நெய்கிற தறியில் ஆபரேட்டர் அவர். அங்கே நெய்கிற நாடா ஒரு ஜப்பான் கம்பெனியின் கார்களுக்குப் போகிறது. அதே தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் எனக்குக் கிளார்க் வேலை. ஓசூரில் எங்கள் வீடுகள் இரண்டு தெரு தள்ளித்தான். ஒரே கான்டிராக்ட் பஸ்ஸில் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போய்வந்தோம். அந்தப் பத்து வருடமும் அந்த ஜப்பான் கம்பெனியின் வரலாற்றை நான் கேட்டுத் தீர்த்தேன்.

"ஆரம்பத்துல அவன் காரே செய்யல தம்பி. தறி செஞ்சுக்கினு இருந்தான். தறிக்காரன் கார் செஞ்சான், நான் அவன் காருக்குத் தறி ஓட்டறேன். பாத்துக்க."

பாய் சொல்கிற கதையில் அந்த முதல் தறி திங்கட்கிழமை மரத்தில் இருக்கும், வியாழக்கிழமைக்குள் இரும்பாகிவிடும். முதன்முதலில் விற்ற வண்டிகள் வழியெல்லாம் நின்றுபோயினவாம். கம்பெனி ஆட்கள் வீடு வீடாகப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்து கொடுத்தார்களாம். மழைக்காலத்தில் சொன்னால், அவர்கள் பனியில் முழங்கால் புதைய நடந்துபோவார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பாயின் சொந்தச் சரக்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் குனிந்து வணக்கம் வைக்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்துதான் வந்தது.

வரலாறு முடிந்தால் ஓனர்களின் அனுபவம். பெல்ட்டைப் பார்த்த கையோடு, "வண்டி எப்பிடிண்ணா இருக்குது?" என்று கேட்டுவிடுவார். பேரிகையில் ஒரு விவசாயி, நடு சீட்டைக் கழற்றிவிட்டுக் கோஸ் மூட்டை ஏற்றுகிறாராம். "வண்டி ஒண்ணும் சொல்லல பாய், எம்பொண்டாட்டிதான் நாத்தம்னு ஏற மாட்டேங்கறா." தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவரின் காரை யானை பக்கவாட்டில் தள்ளி நெளித்துவிட்டது. மறுநாள் காலை ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனதாம். பாய் இதைச் சொல்லும்போது, வண்டியைத் தள்ளிய யானைக்கும் ஒரு வணக்கம் வைப்பாரோ என்று தோன்றும்.

பெங்களூர் டாக்சிக்காரர்களிடம் கன்னடத்துக்கு மாறிவிடுவார். "பெல்ட் ஹாக்கொள்ளி சார், பெல்ட் ஹாக்கொள்ளி." பெல்ட் போடுங்கள் என்பதை மட்டும் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, பீகார் பையன்களுக்காக இந்தி என்று ஐந்து பாஷையில் சொல்வார். வேறெதையும் அவருக்கு இரண்டு பாஷைக்கு மேல் சொல்லத் தெரியாது.

ஓசூரில் ஒரு கல்யாணம். எங்கள் கம்பெனி சூப்பர்வைசரின் மகனுக்கு. நான் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பாய் வாசலில் பூ ஒட்டிய மாப்பிள்ளை காரில் உட்கார்ந்திருந்தார். அவர் நாடாவை உருட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையும் பெண்ணும் கோயிலுக்குக் கிளம்பி வந்து ஆளுக்கொரு பக்கம் ஏறிவிட்டார்கள். நடுவில் பாய். பெண் வீட்டுப் பெரியவர் என்று மாப்பிள்ளை நினைத்தார், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று பெண் நினைத்தாள். கார் புறப்பட்டுவிட்டது.

"இறங்க வேண்டியதுதானே பாய்?" என்று கேட்டேன்.

"எப்பிடி எறங்கறது? அந்தப் பொண்ணு பெல்ட்டே போடல."

மாலைக்கு மேல் பெல்ட்டை மாட்டிவிட்டு, ஆசீர்வாதமும் செய்துவிட்டு, கோயில் வாசலில் இறங்கி டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். பிரியாணி தீர்ந்துவிட்டிருந்தது. கல்யாண ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு அவர் இருக்கிறார் என்று கேள்வி.

இதையெல்லாம் பஸ்ஸில் சொல்லிச் சிரிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனபிறகு எனக்கு அப்படிச் சிரிக்க வரவில்லை.

நெடுஞ்சாலையோரம் ஒரு காவல் நிலையம். விபத்தில் நொறுங்கிய கார்களை அதன் பின்பக்கம் புல்லுக்குள் நிறுத்தி வைத்திருப்பார்கள். கான்ஸ்டபிள் பாயைப் பார்த்ததும், "வா பாய், புதுசு ரெண்டு வந்திருக்குது" என்றார். பழகியவர் என்று தெரிந்தது. பாய் உடைந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒவ்வொரு பெல்ட்டாக இழுத்துப் பார்த்தார்.

"இத பாரு தம்பி. நாடாவுல பளபளன்னு ஒரு கோடு விழுந்திருக்குது பாரு. இது ஆளைப் புடிச்சு நிறுத்தியிருக்குது. இந்த ஆளு பொழச்சிருப்பாரு." அந்த நாடாவைத் தட்டிக்கொடுத்தார். நிஜமாகவே தட்டிக்கொடுத்தார்.

பிறகு அதே காரின் பின் சீட். அங்கே இருந்த பெல்ட்டில் ஒரு கோடும் இல்லை. தொழிற்சாலையில் சுற்றிய சுற்று அப்படியே இருந்தது. சீட்டின்மேல் கண்ணாடித் தூளுக்கு நடுவே ஒரு குழந்தையின் செருப்பு. பாய் அந்தப் புது நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தடவகூட வெளிய வரல தம்பி இது. அவ்வளவு பாத்துப் பாத்து நெய்ஞ்சோம். பக்கத்துலயே இருந்துச்சு. யாரும் இழுக்கல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பி வரும் வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "பாய், உங்க வீட்ல யாராவது இந்த மாதிரி..."

"யாரும் இல்லப்பா. எல்லாம் நல்லா இருக்கறாங்க." அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம வீட்ல செத்தாத்தான் அழணுமா?"

எனக்கு ஒரு கார் வாங்கும் ஆசை வந்தது. பாயையே கூட்டிக்கொண்டு போய்ப் பழைய வண்டி ஒன்று வாங்கினேன். அவருடைய ஜப்பான் கம்பெனிதான். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். முதல் மாதம் தினமும் மாலை வந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். என் மனைவி, "அண்ணா, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று கேலி செய்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. சீட்டுத் துணி அழுக்காக இருந்தது. பெங்களூர் போய் மெரூன் கலரில் புது சீட் கவர் தைத்துப் போட்டோம். பார்க்க அழகாக இருந்தது. பின் சீட்டில் பெல்ட் மாட்டுகிற பூட்டுகளெல்லாம் அந்தக் கவருக்கு அடியில் புதைந்துபோயின. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. பின்னால் உட்கார்கிறவர்கள் யார் பெல்ட் போட்டார்கள்?

மறுநாள் பாய் வந்தார். பின் சீட்டில் கையை விட்டுத் தேடினார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிபன் பையிலிருந்து நூல் வெட்டுகிற பிளேடை எடுத்தார். நான் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் மெரூன் கவரில் மூன்று இடத்தில் கிழித்து மூன்று பூட்டுகளையும் வெளியே எடுத்து வைத்திருந்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பின்னாலேயே வந்த என் மனைவி கத்தினாள். தெருவில் நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். அந்த நான்கு பேருக்காகத்தான் நான் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது.

"நீங்க நாடா நெய்யற ஆளு பாய். அதோட நிறுத்திக்கங்க. சொந்தமா ஒரு டயர்கூட இல்லாதவரு என் வண்டியில கை வைக்காதீங்க."

அவர் பிளேடை மடித்தார். அதைப் பையில் போட இரண்டு தடவை முயன்றார்.

"தப்புதான் தம்பி. கேட்டிருக்கணும்."

காருக்கு வைக்கிற அதே வணக்கத்தை எனக்கு வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. கம்பெனிக்கு நான் காரில் போக ஆரம்பித்துவிட்டதால் பஸ்ஸிலும் பார்க்க வாய்ப்பில்லை. ஒரு ஞாயிறு மன்னிப்புக் கேட்கலாம் என்று கிளம்பினேன். அவர் தெரு முனைவரை போய், மளிகைக் கடையில் எதையோ வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி ஐந்து மாதம் போய்விட்டது.

மார்கழியில் ஒருநாள் காலை, கான்டிராக்ட் பஸ் பழுதாகி வரவில்லை. பாய் டவுன் பஸ்ஸில் வந்து நெடுஞ்சாலையில் தொழிற்சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் இறங்கினார். முதல் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பனியில் ரோட்டைக் கடக்க நின்றவர்கள் ஐந்தாறு பேர். ஒரு இடைவெளி பார்த்து எல்லோரும் ஓடினார்கள். பாயால் அவ்வளவு வேகமாக ஓட முடியவில்லை. இடித்த கார் நிற்கவில்லை. அது எந்தக் கம்பெனி கார் என்று யாருக்கும் தெரியாது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பிறகு ஓசூரில் அவரை அடக்கம் செய்த கபரஸ்தான் வரை கூடவே நடந்தேன். யார் யாரோ வந்திருந்தார்கள். டாக்சி டிரைவர்கள் ஏழெட்டுப் பேர், அந்தக் கான்ஸ்டபிள், தறிப் பிரிவு முழுவதும். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் பேசத் தொடங்கும் முன்பே கேட்டார்:

"உங்களுக்கும் அவருக்கும் என்னா தம்பி ஆச்சு? ஞாயித்துக்கிழம ஆனா தம்பி வீட்டுக்குப் போய்ட்டு வரேன்னு கெளம்புவாரு. அரை மணில திரும்பிடுவாரு. பாத்தீங்களான்னு கேட்டா, தெருமுனை வரைக்கும் போனேன், வீட்ல விருந்தாளி இருந்தாங்க, தொந்தரவு பண்ணல அப்பிடிம்பாரு. எல்லா வாரமுமா விருந்தாளி?"

எங்கள் வீட்டுக்கு அந்த ஐந்து மாதத்தில் விருந்தாளி என்று யாரும் வரவில்லை.

"தப்பு என்மேலதான் அக்கா" என்றேன். அவர் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்.

வேலைக்கு இப்போதும் அந்த வழியாகத்தான் காரில் போகிறேன். அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, விளக்கைச் சிமிட்ட விட்டு, ஓரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறேன். போன வாரம் கூடையோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, போங்கம்மா என்று கையைக் காட்டினேன். அவர் என்னை நம்பாமல் இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக நடந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கன்னடத்தில் திட்டினான். திட்டட்டும் என்று இருந்தேன். அன்றைக்கு எங்கள் பாய்க்காக ஒரே ஒருவன் இப்படி நின்றிருக்கக் கூடாதா!